இரண்டு மணிக் காற்று

எனக்கு உருப்படியாகக் கைவந்த வித்தை ஒன்றுதான்: மதியத் தூக்கம். பாட்டு, பூப்பந்து, கார் ஓட்டுவது என்று வேறு சிலவற்றிலும் கெட்டிக்காரன் என்று என்னைப் பற்றி நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததுண்டு. ஊர் தலையை ஆட்டியது. ஊரின் தலையாட்டலை நம்பக்கூடாது.

தூங்கப் பழகியது ஃபெரியில். கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில், ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை எனக்கு. காலையில் போக ஒரு ஃபெரி, மாலையில் வர ஒரு ஃபெரி. அப்போதைய ஃபெரிகளில் பக்கச்சுவர் என்பது பேருக்குத்தான். கடற்காற்று ஒரு பக்கம் ஏறி, நம் சட்டைக்குள் புகுந்து, பித்தான்களை எண்ணிப் பார்த்துவிட்டு, மறுபக்கம் இறங்கிப் போகும். கம்பியில் சாய்ந்து நின்றபடியே தூங்குவேன். ஒருமுறை அக்கரையில் இறங்க மறந்து, அதே ஃபெரியில் திரும்பி வீட்டுக்கே வந்துவிட்டேன்.

"என்ன, இன்னைக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள் மனைவி.

"ஆமா, ரொம்ப சீக்கிரம்" என்றேன். பொய் இல்லையே.

எங்கள் வீடும் கிட்டத்தட்ட ஒரு ஃபெரிதான். பினாங்கின் ஜார்ஜ்டவுனில் இன்னும் விழாமல் நிற்கிற பழைய வரிசை வீடுகளில் ஒன்று. முகம் குறுகல், உடம்பு நீளம். வாசலில் அஞ்சடி நடைபாதை. அங்கிருந்து உள்ளே வர, தள்ளினால் ஊசலாடுகிற மர அரைக்கதவு. முன்னறை தாண்டினால் நடுக்கூடம். கூடத்தின் நடுவே கூரையில்லாத ஒரு சதுரம். வெயில், மழை, சில நேரம் பக்கத்து வீட்டுப் பட்டம், எல்லாம் அது வழியாக இறங்கும். ஊரில் ஏர்வெல் என்பார்கள். நாங்கள் கிணறு என்போம். தலைகீழாகத் தோண்டிய கிணறு. எட்டிப் பார்த்தால் தண்ணீருக்குப் பதிலாக வானம் கிடக்கும். கிணற்றைத் தாண்டி அடுப்படி, பின்கதவு, பின்சந்து. முன்கதவும் பின்கதவும் ஒரே நேர்கோட்டில் இருந்ததால் அஞ்சடியில் நின்று பார்த்தால் சந்தில் யார் வீட்டுத் துணி காய்கிறது என்று தெரியும்.

பகல் இரண்டு மணி வாக்கில் கடல் பக்கமிருந்து ஒரு காற்று கிளம்பும். அரைக்கதவை மெல்லத் தள்ளிக்கொண்டு, வீட்டுக்கு உறவுக்காரன் மாதிரி கேட்காமல் உள்ளே வரும். மூலைக் கடையில் பூண்டு வதங்கும் வாசம், கோயில் ஊதுபத்தி, யாரோ காயவைத்த கருவாடு எல்லாவற்றையும் கையோடு கொண்டுவந்து கூடத்தில் ஒரு சுற்று சுற்றி, பாதி கிணற்று வழியாக மேலே போகும், பாதி பின்கதவு வழியாகப் போகும். அந்தக் காற்றின் பாதையில், சிவப்புச் சிமெண்டுத் தரையில், நானும் மனைவியும் ஆளுக்கொரு தலையணையோடு படுத்துக்கொள்வோம். எங்கள் இருவருக்கும் நடுவே பூனை. வேலைக்குப் போன காலத்தில் சனி, ஞாயிறு மட்டும். ஓய்வு பெற்ற பிறகு தினமும்.

தூக்கம் என்று சொல்கிறேனே தவிர, அதில் பாதி பேச்சு. நாங்கள் நாளெல்லாம் பேசிக்கொள்வது வெங்காயம் இருக்கா, குடை எங்கே, கேஸ் தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான். அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். கண்ணைத் திறந்திருக்கும்போது அவளிடம் பேசினால் நமக்கே கையைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது வேறு ஆள். காற்று முகத்தில் பட்டதும் குரல் மெல்லக் கரையும். வானத்தைப் பார்த்தபடி எங்கோ இருந்து பேசுவாள். மகளை வெளியூருக்குப் படிக்க அனுப்பலாம் என்று முடிவானது அந்தத் தரையில்தான். நான் வேலையை விட்டுவிடலாம் என்று அவள் சொன்னதும் அங்கேதான். முகத்துக்கு நேராகச் சொன்னால் சண்டையாகிவிடும் விஷயங்கள், பாதித் தூக்கத்தில் சொன்னால் கனவு மாதிரி வந்து சேரும். கோபப்படலாமா என்று யோசிப்பதற்குள் நமக்கும் தூக்கம் வந்துவிடும்.

இப்படி இருந்த வீட்டில் நான் ஒரு நாள் வழுக்கி விழுந்தேன். வாரக்கணக்கில் பெய்த மழை கிணற்று வழியாக இறங்கி, கூடத்தில் ஓரமாகப் பாசி கட்டியிருந்தது. பூனையை மிதிக்கக்கூடாது என்று காலை மாற்றி வைத்தேன், பூனை பிழைத்தது. மகள் கோலாலம்பூரிலிருந்து ஃபோனில் என் இடுப்பைப் பார்த்துவிட்டு, "அப்பா, போதும். வீட்டைச் சரி பண்ணுங்க. என்கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி பினாங்குலயே ஆர்க்கிடெக்டா இருக்கா" என்றாள்.

கெலுகோரில் அலுவலகம் வைத்திருந்த பெண் அவர். மகள் வயதுதான், பள்ளிக்கூடத்துப் பாவாடையில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றதைக் கண்டதும் எனக்கு 'அவர்' என்றுதான் வாயில் வந்தது. இன்னும் மாறவில்லை.

அவர் வருகிறார் என்றால் வீடு ஒரு கல்யாண வீடாகும். மனைவி காலையிலேயே கூடத்துக் கதவைச் சாத்தி, சன்னல்களைச் சாத்தி, முன்னறை ஏர்கானின் மேல் கிடக்கும் பூப்போட்ட துணியை எடுப்பாள். அந்த ஏர்கான் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்காக வாங்கியது. அதன் பிறகு சம்பந்தி வந்தால், தலைமையாசிரியர் வந்தால், இப்படி யாராவது மரியாதைப்பட்டவர்கள் வந்தால்தான் அது மூச்சு விடும். எங்களுக்கு அதில் பங்கில்லை. ஆர்க்கிடெக்டை அதன் நேர் எதிரே உட்காரவைத்து, பால் தேநீரும் கறிபாஃபும் கொடுத்து, அவர் குளிரில் லேசாகக் கையைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்து மனைவி பூரித்துப் போவாள்.

"உங்க வீடு நல்லா ஜில்லுன்னு இருக்கு ஆண்டி."

"எல்லாம் உனக்குத்தாம்மா. இன்னொரு கறிபாஃப் எடுத்துக்கோ."

பிறகு அவர் மடிக்கணினியைத் திறந்து எங்கள் வீட்டைக் காட்டினார். அது எங்கள் வீடு என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. கிணற்றின் மேல் ஒரே கண்ணாடி. அதன் வழியாக வெளிச்சம் பால் மாதிரி ஊற்றிக்கொண்டிருந்தது. பின்பக்கம் நீள மேடையோடு ஒரு சமையலறை. அரைக்கதவு இருந்த இடத்தில் நழுவும் கண்ணாடிக் கதவு. கூடத்தில் ஒரு நாற்காலி; நாற்காலியில் புத்தகத்தோடு ஒருவர்.

"யாரு இந்த வெள்ளைக்காரன்?" என்று என் காதில் கேட்டாள் மனைவி.

"நான்தான்" என்றேன்.

"அப்ப புத்தகம் எதுக்கு?"

ஆர்க்கிடெக்ட் ஆசையோடு விளக்கினார். மழை கண்ணாடிக்கு மேலே ஓடும், நாம் கீழே நனையாமல் அண்ணாந்து பார்க்கலாம்; மேகம் போகிற நிழல் தரையில் நகரும். அவர் பேசப் பேச நானும் அந்த வெளிச்சத்துக்குள் மிதக்க ஆரம்பித்தேன். அழகு சொன்னால் மயங்கிவிடுகிற ஆள் நான். பின்கதவு எங்கே போனது என்று கேட்க வாய் திறந்தேன்.

"பிரமாதம்மா" என்று வந்தது.

பிரமாதம் என்பது எனக்கு ஒரு வியாதி. சாப்பாட்டுக்கடையில் உப்பு அதிகமாக இருந்தாலும் பிரமாதம் என்றுதான் சொல்லிவிட்டு வருவேன். அடுத்தடுத்து வந்த வரைபடங்களுக்கும் அதையே சொன்னேன். பின்கதவு பக்கவாட்டில் துவைக்கும் இடத்துக்கு நகர்ந்தது: பிரமாதம். நேர்கோட்டில் ஒரு சுவர் எழுந்தது, 'ப்ரைவசிக்கு லா அங்கிள்' என்று ஊர் வழக்கப்படி ஒரு லா போட்டுச் சொன்னார்: பிரமாதம்.

வேலை தொடங்குவதற்கு முதல் நாள், நாங்கள் கடைசியாகத் தரையில் படுத்திருந்தோம். சாமான்களை எல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது. வெறுங்கூடத்தில் காற்று இஷ்டம்போல் உலாவியது. மேலே ஒரு மேகம் கிணற்றின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போகாமல் யோசித்துக்கொண்டிருந்தது. மனைவியின் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது.

"என்னங்க. ரொம்ப நாளா உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்னு இருக்கேன்."

"ம்."

"கோவிச்சுக்கக் கூடாது."

"ம்."

"வந்து…"

வாசலில் லாரி வந்து நின்றது. வீட்டு வேலையை எடுத்திருந்த குத்தகைக்காரரின் ஆட்கள் இரும்புக் குழாய்களை அஞ்சடியில் தடதடவென்று இறக்க ஆரம்பித்தார்கள். மனைவி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, கண்ணைத் திறந்து, மறுபடியும் ஆசிரியை ஆகிவிட்டாள்.

சில மாதங்கள் கெலுகோரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். தாழ்ந்த கூரை, கட்டில், மெத்தை. படுத்தால் பேச்சு வரவில்லை. "என்னமோ சொல்ல வந்தியே?" என்று ஒரு நாள் கேட்டேன். "என்ன? ஒன்னுமில்லையே. தக்காளி வாங்கிட்டு வாங்க" என்றாள். வீட்டுக்குப் போனதும் தன்னால் வரும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வந்தபோது வீடு அவ்வளவு அழகாக இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும். நுழைந்ததும் இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றோம், கோயிலுக்கு வந்தவர்கள் மாதிரி. கண்ணாடி வழியாக இறங்கிய வெளிச்சம் சிவப்புத் தரையில் ஒரு குளமாக நின்றது. அன்று சாயங்காலமே மழை. தலைக்கு மேல் தண்ணீர் கோடு கோடாக ஓட, நாங்கள் ஆற்றுக்கு அடியில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். நான் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக் காட்டினேன். மனைவி சிரித்தாள். அன்றைக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

மறுநாள் பகல் இரண்டு மணிக்குத் தெரிந்தது.

தலையணைகளை எடுத்துவந்து வழக்கமான இடத்தில் படுத்தோம். காத்திருந்தோம். காற்று வெளியே வந்துவிட்டது, அது நிச்சயம். அஞ்சடியில் அடுத்த வீட்டுக் காலண்டர் படபடத்தது காதில் விழுந்தது. எங்கள் வாசல் வரை வந்து, கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று போய்விட்டது. உள்ளே வெயில் மட்டும் இறங்கியது. இறங்கிய வெயிலுக்குத் திரும்பிப் போக வழியில்லை. மூடி போட்ட பானைக்குள் இரண்டு இட்லிகள் கிடந்தன. ஒன்று பெரியது, ஒன்று சின்னது.

"வெந்துட்டோமா?" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றாள் மனைவி. அதுதான் அன்று அந்தத் தரையில் நடந்த கடைசிப் பேச்சு. எழுந்து மாடிக்குப் போனாள். மாடியறைக்கும் ஆர்க்கிடெக்ட் ஒரு புது ஏர்கான் வைத்துக் கொடுத்திருந்தார். நான் முன்னறையில் விருந்தாளி ஏர்கானுக்கு அடியில் சுருண்டேன். என் வீட்டில் நானே சம்பந்தி. பூனை அந்த வாரமே அடுத்த வீட்டு அஞ்சடிக்குக் குடிபோய்விட்டது. நான் கூப்பிட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கும், தெரிந்தவர் மாதிரி இருக்கிறதே என்று.

நாட்கள் போயின. அவள் மேலே, நான் கீழே. அவள் நன்றாகத் தூங்குவதாகச் சொன்னாள். நானும் சொன்னேன். வெங்காயம் இருந்தது, குடை இருந்தது, கேஸ் தீர்ந்தது, மாற்றினோம். சொல்ல வந்த அந்த ஒன்று மட்டும் எங்கே போனது என்று தெரியவில்லை. முன்னறைக் குளிரில் கண்ணை மூடினால் அந்த 'வந்து…' வந்து நிற்கும். கோவிச்சுக்கக் கூடாது என்றாளே. என்னவாக இருக்கும்? மகளோடு கோலாலம்பூர் போய்விடப் போகிறாளா? என் பாட்டு சகிக்கவில்லையா? அரைத் தூக்கத்தில் ஒரு கனவு: அவள் ஃபெரியின் மேல்தளத்தில் நின்று எனக்கு ஏதோ சொல்கிறாள். நான் கரையில். இரண்டு பேருக்கும் நடுவே பெரிய கண்ணாடி. வாய் அசைவது தெரிகிறது, சொல் கேட்கவில்லை. விழித்துப் பார்த்தால் ஏர்கான் சொட்டிக்கொண்டிருக்கும்.

ஆர்க்கிடெக்டிடம் நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மனைவியையும் ஏற்றிக்கொண்டு கெலுகோருக்குக் கார் ஓட்டினேன். வழியெல்லாம் ஒத்திகை. "இதோ பாரும்மா, வீடுங்கிறது ஃபோட்டோவுக்கு இல்லை" என்று கையை நீட்டிச் சொல்லிப் பார்த்தேன். மனைவி தலைக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ரோட்டைப் பாருங்க, ரோட்டைப் பாருங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். என் ஆவேசத்தில் அசந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அலுவலகத்தில் அவர் எழுந்து வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். "அங்கிள்! வீடு எப்படி இருக்கு? நான் செஞ்சதுலயே எனக்குப் பிடிச்ச வீடு உங்களோடதுதான்."

சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

திரும்பும்போது தண்ணீர்மலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் மனைவி கேட்டாள்: "பிரமாதம்னு எத்தனை தடவை சொன்னீங்க தெரியுமா?"

"நீ சொல்லியிருக்கலாமே?"

"அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்து யாரால சொல்ல முடியும்? பச்சைக் குழந்தை மாதிரி சிரிக்குது… லைட் சிவப்பு, லைட் சிவப்பு!"

பிரேக் போட்டேன். கொஞ்சம் தாமதம்தான். ஒன்றும் ஆகவில்லை.

அதற்கப்புறம் ஒரு நாள் ஆர்க்கிடெக்டே ஃபோன் செய்தார். ஏதோ பத்திரிகைக்காக வீட்டைப் படம் எடுக்க ஆள் வருகிறதாம். அதற்கு முன்னால் வெயில் எப்போது நேராக விழுகிறது என்று பார்க்க வேண்டுமாம். "இரண்டு மணிக்கு வரட்டுமா அங்கிள்?"

இரண்டு மணி. இத்தனை மாதத்தில் அவர் காலையில் வந்திருக்கிறார், சாயங்காலம் வந்திருக்கிறார். இரண்டு மணிக்கு வந்ததில்லை. எனக்கு ஒரு யோசனை உதித்தது. வாய் பிரமாதம் என்றுதான் சொல்லும். வாயை நம்பிப் பயனில்லை. ஆனால் எனக்குக் கையும் இருக்கிறது.

அன்று வழக்கம்போல மனைவி எல்லாவற்றையும் சாத்தி, ஏர்கானைப் போட்டு, கறிபாஃப் பொரித்து வைத்தாள். ஆர்க்கிடெக்ட் வந்தார். உட்கார்ந்தார். நான் மெல்ல எழுந்து, மாடிப்படிக்கு அடியில் போய், மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினேன். ஏர்கான் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

"அடடா, கரண்ட் போயிருச்சே!" என்று வருத்தத்தோடு திரும்பி வந்தேன். நடிப்பு நன்றாகத்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டில் சீனத் தொடரின் கதாநாயகி சுவருக்கு அப்பால் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

ஆர்க்கிடெக்ட் காதைக் கொடுத்துக் கேட்டார். "அங்கிள், பக்கத்து வீட்ல டிவி ஓடுதே?"

"அவங்க லைன் வேற லா" என்றேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். மாடிப்படியைப் பார்த்தாள். இவ்வளவு ஆண்டு வகுப்பில் நின்றவள். எந்தப் பையன் விளக்கை அணைத்தான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ எழுந்து உள்ளே போய் மூன்று தலையணைகளை எடுத்து வந்தாள்.

"கரண்ட் எப்ப வருமோ. வாம்மா, கூடத்துல கொஞ்சம் படு."

"ஐயோ ஆண்டி, பரவாயில்லை…"

"படும்மா. உன் வீடு மாதிரி. வெயில் எங்க விழுதுன்னு படுத்துக்கிட்டே பாரு."

ஆசிரியை சொன்னால் யார் மறுப்பது? ஆர்க்கிடெக்ட் படுத்தார். பக்கத்தில் மனைவி படுத்தாள். மரியாதைக்காக நான் சற்றுத் தள்ளி, சுவரோரம். மூவரும் அண்ணாந்து கண்ணாடியைப் பார்த்தோம். வானம் அத்தனை அருகில் இருந்தது. அதில் காற்று ஓடுவதும் தெரிந்தது. மேகங்கள் அவசரமாகப் போய்க்கொண்டிருந்தன. கீழே ஒரு இழை அசையவில்லை. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு நெற்றியை. பிறகு கைக்குட்டையைப் பிழிந்தார்.

"சன்னல் ஏதாச்சும் திறக்கலாமா ஆண்டி?"

"எதைம்மா திறக்கறது? முன்கதவைத் திறந்தாலும் வந்த காத்துக்கு வெளிய போக வழியில்லை."

அவர் சுற்றிப் பார்த்தார். தான் வைத்த சுவர், தான் வைத்த கண்ணாடி. சுவருக்கு அப்பால் கதாநாயகி மட்டும் அழுதாள்.

"முன்னாடி இந்த நேரத்துல எப்படி இருந்தீங்க?"

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். காற்றே இல்லாமல், ஞாபகத்திலிருந்து மட்டும் அந்தப் பழைய குரல் வந்தது. முன்கதவு வழியாக எப்படி வரும், எந்தெந்த வாசத்தைக் கொண்டுவரும், எந்தத் தூணில் மோதித் திரும்பும், பூனை எந்த இடத்தில் படுக்கும் என்று மெதுவாகச் சொன்னாள். "இங்க படுத்துத்தான் நாங்க பேசிக்குவோம்மா. வேற எங்கயும் எங்களுக்குப் பேச்சு வராது. இப்ப நான் மேல, அவரு கீழ." அவள் அதைச் சொல்லிக் கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை. எனக்கு மட்டும்தான் குறை என்று நினைத்திருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வேர்வைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்க்கிடெக்ட் எழுந்து உட்கார்ந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"ஆண்டி, நான் இந்த வீட்டுக்கு வந்த ஒரு நாள்கூட இதெல்லாம் நான் பார்க்கலையே. எப்ப வந்தாலும் எல்லாம் சாத்தி இருந்துச்சு. ஏர்கான் ஓடுச்சு. நீங்க ஏர்கான்ல இருக்கிற ஆளுங்கன்னுதான் நினைச்சேன். குளிர் வெளிய போகக்கூடாதுன்னுதான் பார்த்துப் பார்த்து அடைச்சேன்."

மனைவியும் எழுந்து உட்கார்ந்தாள். "அதெப்படிம்மா, வீட்டுக்கு வந்த பொண்ணை வேர்க்க விட முடியுமா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்களுக்கென்று ஒரு வீடு கட்டச் சொல்லி, விருந்தாளி வீட்டை மட்டுமே காட்டியிருக்கிறோம். அவரும் சம்பந்திக்கென்றே ஒரு அருமையான வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

"நான் கேட்டிருக்கணும்" என்றார் அவர், மெதுவாக. "அங்கிள், நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் லா."

"நான் என்னம்மா சொன்னேன்?"

"எல்லாத்துக்கும் பிரமாதம்னு சொன்னீங்க!"

முதலில் சிரித்தது மனைவி. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். ஆர்க்கிடெக்ட் எழுந்து கூடத்தில் நடந்தார். கண்ணாடியை அண்ணாந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், வாசலுக்குப் போய் நின்று பின்பக்கம் பார்த்தார். கண்ணாடியை இரும்புக் கால்கள் வைத்துக் கூரையிலிருந்து மேலே தூக்கிவிடலாம், நாலு பக்கமும் காற்று போகும். சாரல் கொஞ்சம் அடிக்கும், பாசி பிடிக்காமல் தண்ணீர் ஓடத் தரைக்கு வாட்டம் கொடுத்துவிடலாம் என்றார். பின்சுவரில் பழைய இடத்திலேயே கதவு. அரைக்கதவைக் குத்தகைக்காரர் எங்கே போட்டார் என்று கேட்க வேண்டும். சொல்லச் சொல்ல அவர் குரல் தாழ்ந்துகொண்டே போனது.

"ஃபோட்டோவுல இவ்வளவு அழகா வராது" என்றார். உண்மையான துக்கம் அது.

எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு பிரமாதம் நாக்கு நுனி வரை வந்தது. மனைவி என் கையைக் கிள்ளினாள்.

"ஒன்னு செய்வோம் அங்கிள். முதல்ல ஃபோட்டோ எடுத்துக்கிறேன். அப்புறம் உடைச்சிரலாம்."

அப்படித்தான் நடந்தது. படம் எடுத்த அன்று என்னையும் புத்தகத்தோடு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். பத்திரிகையில் பார்த்தால் நான் படித்துக்கொண்டிருப்பது மாதிரிதான் இருக்கும். தூங்கிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும் முன் ஆர்க்கிடெக்ட் மாடிப்படிக்கு அடியில் போனார். சுவிட்சை மேலே தள்ளினார். ஏர்கான் விழித்துக்கொண்டது. "கரண்ட் வந்துருச்சு அங்கிள்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். இது அந்த இரண்டு மணி நாளில் நடந்தது. முன்பே சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தில் விட்டுவிட்டேன்.

எல்லாம் திரும்ப முடிந்த பிறகு வந்த முதல் மதியம். அரைக்கதவு பழைய இடத்தில். புதுச் சாயம் பூசியிருந்தார்கள், ஆனால் அதே முனகல். பின்கதவு திறந்திருந்தது, சந்தில் யாருடைய மஞ்சள் துண்டோ ஆடியது. கிணற்றின் மேல் கண்ணாடி தன் கால்களில் எழும்பி, பறக்கப் போகிற தட்டான் மாதிரி நின்றது. ஃபெரியில் இப்போது காற்று இல்லை. புதிய படகுகளில் கண்ணாடியும் ஏர்கானும்தான். இனி இந்த ஊரில் எனக்கு மிச்சமிருக்கும் ஃபெரி இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். மனைவி மாடியிலிருந்து தலையணையோடு இறங்கி வந்தாள். பக்கத்தில் படுத்தாள்.

காத்திருந்தோம்.

அரைக்கதவு அசைந்தது. பூண்டு முதலில் வந்தது. பிறகு ஊதுபத்தி. பிறகு, எங்கள் காலடியில் ஏதோ மெத்தென்று உரசியது. கண்ணைத் திறக்காமலே பூனை என்று தெரிந்தது. அடுத்த வீட்டில் வாடகை பாக்கி வைத்துவிட்டு வந்திருக்கும். காற்று கூடத்தில் ஒரு சுற்று வந்து, என் சட்டைப் பித்தான்களை எண்ணிப் பார்த்தது. எல்லாம் சரியாக இருந்திருக்க வேண்டும். மேலே ஏறிப் போனது.

வெகுநேரம் கழித்து, எங்கோ தூரத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

"என்னங்க."

"ம்."

"அன்னைக்கு ஒன்னு சொல்ல வந்தேனே."

"ம்" என்றேன், பாதித் தூக்கத்தில் இருப்பவன் மாதிரி.

"கோவிச்சுக்கக் கூடாது."

"ம்."

"நீங்க காடி ஓட்டுறப்ப எனக்குப் பயமா இருக்கு. கல்யாணமான நாள்லேர்ந்தே பயம். சாமியைக் கும்பிட்டுக்கிட்டேதான் ஏறுறேன். நானே ஓட்டக் கத்துக்கலாம்னு இருக்கேன்."

கோபப்படலாமா என்று யோசித்தேன். காற்று முகத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. கைப்பிடியைப் பிடித்த அவளுடைய இரண்டு கைகளும், ரோட்டைப் பாருங்க ரோட்டைப் பாருங்க என்ற அத்தனை வருடத்து மந்திரமும் ஒவ்வொன்றாக மேகம் மாதிரி வந்து போயின. கோபம் வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

"நல்லதுதான்" என்றேன். "நான் கத்துக்கொடுக்கிறேன்."

தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"நீங்க வேணாம்" என்றாள்.